தலைவர் முத்திரை குத்திய பிள்ளைப் பருவம்

என் மனைவி நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர். போன வருடம் அவளை அட்டனுக்கு ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் பாடம். மத்தியானச் சாப்பாடு, ஒரு பேனா, மடித்த துண்டுப் பிரசுரம் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவள் சேலைகூட மாற்றாமல் அந்தப் பிரசுரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரி படித்தாள், என்னைப் பார்த்தாள். இன்னொரு வரி படித்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் அப்போது ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய வாரம் கழற்றிய ரைஸ் குக்கர் இன்னும் மேசைக்கடியில் கிடந்தது.

"எங்க பள்ளிக்கூடத்துல உள்ள புள்ளைங்கள்ல ஒன்னுகூட இதுல சரியா வரல," என்றாள். "நீங்க முழுசா வாறீங்க."

நான் சிரித்தேன். பிரசுரத்தை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று சோபாவின் முதுகில் ஏறி நிற்கிற படம். கீழே குறிகள். தொடங்கிய வேலையை முடிக்காமை, பொருட்களைத் தொலைத்தல், காரணமின்றி எழுந்து ஓடுதல். இது நோய் என்றால் எங்கள் தோட்டத்து ஆம்பளைகளில் பாதிப் பேரை வார்டில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு ரேடியோவுக்குத் திரும்பினேன். அதையும் முடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு தேங்காய் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்கு முன்னால் கந்தப்பளைக்குப் போகிற லொறி ஒன்று நின்றது. டிரைவர் தெரிந்த ஆள். ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று யாரும் கேட்க வேண்டாம், எனக்கே தெரியாது. கந்தப்பளையில் கரட் கழுவுகிற இடத்தில் இரண்டு மாதம் வேலை செய்தேன். ஐஸ் மாதிரித் தண்ணீரில் காலை நான்கு மணிக்கு இறங்க வேண்டும். கை விறைத்துப்போகும். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் எழும்ப முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஓட்டம் எப்போதும் இப்படித்தான் முடியும். கொழும்பில் கொத்துரொட்டி போட்டபோதும் இப்படி, லொறி கிளீனராக இருந்தபோதும் இப்படி. சில தடவை படுக்கைக்குப் பதில் கசிப்புச் சாராயம். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அது ஐந்தாவது ஓட்டம்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்தாள், வழியை விடவில்லை. சத்தம் போடவில்லை. பாலர் பாடசாலையில் சத்தம் போட்டுப் பழகியவர்கள் வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

"டொக்டர்கிட்ட போயி உங்களுக்கு என்னான்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நோய்னா நான் பாத்துக்கிறேன். கொழுப்புன்னா இனிமே என்னால ஏலாது."

தேங்காய் வாங்கி வரவில்லையா என்று அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்கவில்லை. அட்டனில் ஒரு மரக்கறிக் கடையில் சாக்குகள் அடுக்குகிற அறையில் படுக்க இடம் பிடித்துக்கொண்டு, நோயாளி ஆவதற்கான வேலையைத் தொடங்கினேன்.

மனநோய் கிளினிக் என்றால் சங்கிலி, கூச்சல் என்று நினைத்திருந்தேன். ஒரு நீள பெஞ்சும் நிறைய ஆட்களும்தான். எல்லாரும் தோட்டத்தில் சம்பளத்துக்கு நிற்பவர்களை விட ஒழுங்காக இருந்தார்கள். என்னால்தான் பெஞ்சில் இருக்க முடியவில்லை. எழுந்து போய் வரிசையைச் சரி செய்தேன், ஒரு கிழவருக்கு நம்பர் எடுத்துக் கொடுத்தேன், ஒட்டாமல் தொங்கிய அறிவித்தலை ஒட்டினேன். உதவியாளர் ஒருவர் வந்து நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்களா, மருந்துக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

டொக்டர் இளம் வயதுச் சிங்களப் பெண். பேச்சு சிங்களத்தில்தான். என் சிங்களம் லொறியில் படித்தது, பாதி ஆஸ்பத்திரிக்கு ஆகாது. அவர் என் இப்போதைய கதையைக் கேட்டு முடித்துவிட்டு, சின்ன வயதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். கேள்விகள் எல்லாம் அச்சடித்தவை. அச்சடித்தவருக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளைத் தெரியாது.

வகுப்பில் இருக்கையை விட்டு அடிக்கடி எழும்புவீர்களா என்று கேட்டார். ஐந்து பேர் ஒரு வாங்கில், நான் ஓரத்தில். நடுவில் ஒருவன் தும்மினால் நான் எழும்பித்தான் ஆக வேண்டும் என்றேன். உங்கள் முறை வரும்வரை காத்திருக்க முடியாதா என்றார். எங்கள் தண்ணீர்ப் பீலியில் முறைக்குக் காத்திருந்தவர்கள் வெறுங் குடத்தோடு வீட்டுக்குப் போனவர்கள். பொருட்களைத் தொலைப்பீர்களா என்றார். தொலைக்க ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். பாடத்தில் கவனம் இருந்ததா என்றார். ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு, ஒரு வாத்தியார். அவர் மாதத்தில் பாதி நாள் வரமாட்டார். அவருக்கு என்மேல் கவனம் இருந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

டொக்டர் சிரித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னதில் சிரிப்பு இல்லை. பெரியவர்களுக்கு இந்த நோய் புதிதாக வருவதில்லையாம். பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இருந்தது என்றால் ஒரு மருந்து, இல்லையென்றால் இந்தத் தவிப்புக்கும் படுக்கைக்கும் காரணம் வேறு, அதற்கு வேறு மருந்து. நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, உங்களைச் சின்ன வயதில் பார்த்தவர் ஒருவர் சொல்ல வேண்டும், பள்ளிக்கூட அறிக்கை இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள் என்றார். தமிழில் அச்சடித்த படிவம் ஒன்றைக் கொடுத்தார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு டயகமவுக்குப் போனேன். நான் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் நல்ல மனிதர் ஒருவர் அதிபராக இருந்தார். பழைய அலுமாரியைக் கிண்டி என் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு என் நடத்தை "நல்லது". மேலும் கீழும் பார்த்தேன். வகுப்பில் எல்லாருக்கும் "நல்லது", ஒரே மையில், ஒரே சாய்வில். அதில் ஒரு பெயருக்குரியவன் ஐந்தாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே செத்துப்போனான். அவனும் ஐந்தாம் வகுப்புக் கடைசியில் நல்ல நடத்தையோடுதான் இருந்திருக்கிறான்.

மிச்சம் இருந்தது அக்கா. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா என்னை விட ஐந்து வயது மூத்தவள், அதே தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். எங்கள் டிவிசனில் அவள் அளவுக்குக் கை ஓடுகிற ஆள் கிடையாது. விசயத்தைச் சொல்லி, இதில் உள்ளதை உள்ளபடி எழுது என்று படிவத்தைக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். விட்டுவிட்டுப் போ, நிதானமாக எழுதி வைக்கிறேன் என்றாள். அடுத்த கிழமை போய் வாங்கினேன். கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். நான் பிரிக்கவில்லை. பிரிக்காமல் கொண்டு போய்க் கொடுத்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

டொக்டர் கவரைப் பிரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார். எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டிருந்தது. ஓடித் திரிந்தாரா, இல்லை. சொல் கேட்காமல் இருந்தாரா, இல்லை. சண்டை பிடித்தாரா, இல்லை. அடியில் கோணல் எழுத்தில், மிகவும் அமைதியான பிள்ளை, ஒரு குற்றமும் கிடையாது என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் கையெழுத்து, ஊதா மையில் ரப்பர் முத்திரை. "மேற்படியாரை எனக்குச் சிறு வயது முதல் தெரியும். நன்னடத்தை உள்ளவர்."

இப்படி ஒரு ஆவணம் தன் மேசைக்கு வருவது முதல் தடவை என்றார் டொக்டர். இதன்படி உங்களுக்கு இந்த நோய் இருக்க வழியில்லை. அடுத்த புதன்கிழமை அக்காவையே கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.

அதாவது அன்றைய கணக்கில் என்னிடம் இருந்தது கொழுப்பு.

ஞாயிற்றுக்கிழமை டயகமவுக்குப் போனேன். அக்கா வாசல் இஸ்தோப்பில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நான் கத்தினேன், அவள் கத்தவில்லை. தலைவரிடம் யோசனை கேட்டாளாம். கவர்மெண்டு பேப்பரில் ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் எல்லாத்துக்கும் இல்லை என்று போடுவதுதான் பாதுகாப்பு, எதற்கும் இருக்கட்டும் என்று முத்திரையையும் அவராகவே குத்திக் கொடுத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களிடம் ஒரு பேப்பர் கேள்வி கேட்டால், அது பொலிஸ் பேப்பராக இருக்கும், இல்லாவிட்டால் ஆபீஸ் பேப்பராக இருக்கும், அதற்கும் முந்தி நாட்டை விட்டு அனுப்புகிற பேப்பராக இருந்தது. சித்தப்பாவைப் பற்றி யாரோ ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதால்தான் அவர் குடும்பம் இந்தியாக் கப்பல் ஏறியது என்று எங்கள் லயத்தில் இன்றும் நம்புகிறார்கள். பேப்பர் ஒரு மனிதனுக்கு மருந்து கொடுக்கவும் கேள்வி கேட்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

"பேப்பர்ல என் தம்பி கிறுக்கன்னு என் கையால எழுதித் தரணுமா?" என்றாள் அக்கா.

எழுதித் தராவிட்டால் நான் வீட்டுக்குப் போக முடியாது என்றேன். நோய் என்றால் கதவு திறக்கும், நல்ல பிள்ளை என்றால் திறக்காது. அவள் பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை. இவ்வளவு சின்ன விசயத்துக்கு இவ்வளவு யோசிக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் புதன்கிழமை வாறேன் என்றாள்.

புதன்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பார்த்துத் தமிழ் பேசுகிற தாதி லீவு. அக்காவுக்குச் சிங்களம் சந்தையில் விலை கேட்கிற அளவுக்குத்தான். ஆகவே என் சின்ன வயதைப் பற்றி அக்கா தமிழில் சொல்ல, நானே சிங்களத்தில் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. எந்தக் கோர்ட்டிலும் இப்படி நடக்காது.

முதலில் நன்றாகத்தான் போனது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் என்னை விட்ட மூன்றாம் நாள் ஆயாம்மா கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். பூசாரி ஓடை முனி பிடித்திருக்கிறது என்று கயிறு கட்டினார். நான் கயிற்றைத் தின்றுவிட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தையா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து கொடுத்தார். அவர் கை உடைந்து வந்தவனுக்கும் பூச்சி மருந்து கொடுப்பவர். கங்காணி மட்டும் அப்போதே கொழுப்பு என்று சொல்லிவிட்டார். நான்கு வயதில் அடுத்த டிவிசன் வரை போய்க் கொழுந்து லொறிக்குக் கீழே கிடந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல டொக்டர் வேகமாக எழுதினார். நான் குணமாகிக்கொண்டே வருவது மாதிரி இருந்தது.

பிறகு யார் இவரைப் பார்த்துக்கொண்டது என்று டொக்டர் கேட்டார். அக்கா சேலை நுனியைச் சுருட்டியபடி நீளமாகப் பேசினாள்.

அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போனபிறகு அவள்தான் பார்த்தாளாம், பத்து வயதில். தண்ணீருக்குப் போகும்போது பழைய கொழுந்துக்கூடைக் கயிற்றால் என் காலை இஸ்தோப்புத் தூணில் கட்டிவிட்டுப் போவாளாம். ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்சிப் சோதினை அன்றைக்கும் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பாதிப் பேப்பரில் யாரோ வந்து உன் தம்பி கத்துகிறான் என்று சொல்ல, எழுந்து ஓடி வந்திருக்கிறாள். என் கணுக்காலில் தோல் உரிந்து ரத்தமாம். அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள்.

எனக்கும் அது நினைவிருந்தது. ஆனால் வேறு மாதிரி. அக்கா என்னை மாடு என்று கட்டுவாள், நான் அம்மா என்று கத்துவேன், அவள் புல் கொண்டுவந்து போடுவாள். நாற்பது வயது தாண்டியும் அதை விளையாட்டு என்றே வைத்திருந்தேன். என் பிள்ளைப் பருவத்தில் யாராவது என்னோடு விளையாடினார்களா என்று கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டொக்டரைப் பார்த்து, அக்காதான் என்னைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள் என்றேன்.

டொக்டர் பேனாவை எடுக்கவில்லை. அவ்வளவு நேரம் பேசியது இதுதானா என்றார். அக்கா என் கையைத் தட்டினாள்.

"முழுங்காதடா. கட்டுனதச் சொல்லு."

அவள் குனிந்து என் காலைப் பிடித்து, இல்லாத கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மேசையின் காலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக் காட்டினாள். கை அவ்வளவு சுத்தமாகப் போட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தபிறகு, "நான் கட்டிப் போட்டதாலதான் இவன் எங்கயும் நிக்காம ஓடுறானான்னு கேளு," என்றாள். "குடிக்கிறதும் அதனாலயான்னு கேளு."

அப்போதுதான் அந்த முத்திரை குத்திய படிவம் எனக்கு விளங்கியது. நான் ஓடியாடினேன் என்று எழுதினால், நீ என்ன செய்தாய் என்ற கேள்வி அடுத்து வரும் என்று பயந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அவள் அந்தத் தூணை நினைத்திருக்கிறாள். நான் லொறியில் ஏறும்போது எதையும் நினைத்ததில்லை.

கேட்டேன். ஒரு சொல்லும் முழுங்காமல் கேட்டேன். டொக்டர் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பதில் சொன்னார். கட்டிப்போட்டதால் இது வராது. இது முன்பே இருந்ததால்தான் கட்டவேண்டி வந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனால் அது வேறு என்னதான் செய்யும். சின்ன வயதில் யாரும் இதை நோய் என்று பார்க்காமல் அடித்தும் ஏசியும் வளர்த்தால், பெரியவனான பிறகு மனம் சோர்ந்து படுத்துக்கொள்வதும் குடியும் பலருக்குக் கூடச் சேர்ந்துகொள்ளும், எல்லாருக்கும் அல்ல. அதற்கு ஊரே பொறுப்பு, நீங்கள் தனியாக அல்ல.

அக்கா இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தடவையும் நான் சொல்லி முடிக்கும்வரை டொக்டர் காத்திருந்தார். வெளியில் பெஞ்சில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

என் கிளினிக் கொப்பியில் ஏ.டி.எச்.டி. என்று நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதினார்கள். கூடவே மனச்சோர்வு என்றும் எழுதினார்கள். இரண்டு மருந்து. ஒன்று எப்போதும் ஆஸ்பத்திரியில் இருக்காது, இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். கசிப்பு கூடாது. ஒரு மாதத்தில் வர வேண்டும். பூசாரியும் மருந்தையாவும் கங்காணியும் ஒரு பார்வையில் சொன்னதை இவர்கள் மூன்று தடவை வரவழைத்துச் சொன்னார்கள். ஆனால் இவர்கள்தான் அக்காவிடம் கேட்டார்கள்.

பஸ் நிலையத்தில் டயகம பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நல்ல காலம், அன்பாக ஏதும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"அப்ப நான் சோதினை அன்னைக்கு முழுப் பேப்பரையும் எழுதிட்டே வந்திருக்கலாம்," என்றாள்.

பஸ் போய்விட்டது.

நோர்வூட்டுக்குப் போனேன். மனைவி வாசலிலேயே கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பயிற்சிக்குப் போனவள் என்பதால் அந்த நான்கு எழுத்தும் அவளுக்குத் தெரியும். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. சரியாகக் கண்டுபிடித்தவர்களுக்கு உள்ள சலிப்புதான் இருந்தது. நான் டொக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன், இது பிறவியிலேயே உள்ளது, யார் மேலும் தப்பில்லை என்று.

"உங்க மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க," என்றாள். "பன்னெண்டு வருசமா நான் ஒத்தையில கெடந்ததுக்கு மருந்து ஏதும் எழுதுனாங்களா?"

இல்லை என்றேன். அந்தக் கேள்வி அச்சடித்த படிவத்தில் இல்லை. அவள் வழி விட்டாள். கொப்பியை என்னிடம் தரவில்லை, நான் தொலைப்பேன் என்று தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். காலண்டரில் அடுத்த கிளினிக் நாளை வட்டம் போட்டாள். அதுவரைக்கும் இருங்க, பிறகு பாப்போம் என்றாள். இது மன்னிப்பா தவணையா என்று நான் கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்கிறதா என்று சொல்ல இன்னும் நாள் இருக்கிறது. ரைஸ் குக்கரைப் பூட்டி முடித்தேன், இரண்டு ஆணி மிச்சம். போன செவ்வாய்க்கிழமை சீனி வாங்கப் போய் தலவாக்கலை வரைக்கும் போய்விட்டேன். அங்கே இறங்கி, சீனி வாங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வந்த முதல் பஸ்ஸில் திரும்பி வந்தேன். மனைவி மணியைப் பார்த்தாள், சீனியை வாங்கிக்கொண்டாள். வட்டம் போட்ட நாளுக்கு இன்னும் பதினொரு நாள்.